பட்ட மரங்களை நிற்கவிடுங்கள்

போலந்து அரசு வனத்துறைப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

போலந்து, பெலாரஸ் எல்லையில் விரிந்திருக்கும் பழங்காடான பியாவோவியெஜாவின் போலந்துப் பகுதியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் தேசியப் பூங்கா. மீதியில் பெரும்பகுதி உங்கள் கையில் இருக்கிறது. அந்த மீதிக்காகவே இதை எழுதுகிறேன்.

2016இல் பியாவோவியெஜா சரகத்தில் வெட்டும் அளவை ஏறத்தாழ மூன்று மடங்காக உயர்த்த அனுமதி கிடைத்தது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம், ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் பட்டைக்குள் குடையும் பட்டை வண்டு. உங்கள் மொழியில் அதன் பெயரே அச்சடிக்கும் வண்டு. பட்டையை உரித்துப் பார்த்தால், ஓலையில் எழுத்தாணி ஓடியதுபோல் தாய் வண்டு குடைந்த நேர்க்கோடும் அதிலிருந்து பிரியும் புழுக்களின் தடங்களும் தெரியும். இவ்வளவு தெளிவான கையெழுத்து இருந்தால் கொலையாளி இதுதான் என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் நல்ல நிலையில் இருக்கும் ஸ்ப்ரூஸ், துளைக்க வரும் வண்டைத் தன் பிசினிலேயே மூழ்கடித்துவிடும். அதன் வேர் ஆழம் போகாதது. மழை பொய்த்து, நிலத்தடி நீர் இறங்கினால் முதலில் தவிப்பது அதுதான். பிசின் குறைந்த மரத்தில் நுழைந்த வண்டு, வாசனையால் தன் கூட்டத்தை அழைக்கிறது. கூடவே வரும் பூஞ்சை, நீரேறும் குழாய்களை அடைக்கிறது. இந்தச் சாவில் வறட்சிக்கு எத்தனை பங்கு, வண்டுக்கு எத்தனை பங்கு?

கோடரி படாத காட்டில் எந்த மரமும் ஒரே காரணத்தால் சாவது அரிது. முளைத்தவற்றில் பெரும்பாலானவை ஆள் உயரம் வருவதற்குள் நிழலில் நலிந்தே போய்விடுகின்றன. மான் கடித்த குருத்துகளும் பல. தப்பி வளர்ந்த ஓக் மரத்தைப் பூஞ்சை பல பத்தாண்டுகளாக உள்ளே அரிக்கும். ஒரு புயல் இரவில் அது முறியும்போது நாம் காற்றைக் குற்றம் சொல்கிறோம். எல்லாச் சாவையும் இயற்கை என்று நான் சொல்லவில்லை. ஆஷ் மரங்களை அழித்துவரும் பூஞ்சை கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. அந்த இழப்பை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனால் அதற்கும் வெட்டு மருந்தாகவில்லை.

ஸ்ப்ரூஸ் பழுப்பேறிப் பட்டை கழன்ற பிறகு வெட்டுவதால் என்ன பயன்? அதற்குள் வண்டுகள் வேறு மரம் தேடிப் போயிருக்கும். மிஞ்சியிருப்பவை அவற்றை இரையாக்கும் பூச்சிகளும், அந்த மரத்தை நம்பி வாழும் மூவிரல் மரங்கொத்தியும்தான். லாரியில் ஏறுவது மரம் மட்டும் இல்லை, வண்டின் பகைவர்களும்தான்.

2017 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வெட்டை நிறுத்தச் சொன்னது. 2018 ஏப்ரல் 17 அன்று அது சட்டமீறல் என்றே தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பயந்து அல்ல, மரம் எப்படிச் சாகிறது என்பதை அறிந்து நீங்கள் கோடரியைக் கீழே வைக்க வேண்டும் என்பதே என் ஆசை.

பாதையோரம் ஆள் மேல் விழக்கூடிய பட்ட மரங்களை வெட்டத்தான் வேண்டும், அதை மறுக்கவில்லை. அப்படி வெட்டியதை மட்டும் தயவுசெய்து ஏற்றிச் செல்லாதீர்கள். விழுந்த இடத்திலேயே கிடந்து மட்கட்டும்.

அன்புடன்,
தொலைவிலிருந்து ஒரு காட்டு நேசர்