வசுவுக்கு, அடுத்து படிக்க

அன்புள்ள வசு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. நீ சொன்னபடி கத்தரிச் செடிக்கு வேப்பெண்ணெய் கரைத்து அடித்தேன், பூச்சி போய்விட்டது. பேரனுக்கு மொட்டையடித்த படத்தைப் பார்த்தேன். நெற்றியும் காதும் அப்படியே உன் அப்பா! இங்கே எல்லோரும் நலம். என் விரல்கள்தான் காலையில் ஒரு மணி நேரம் மடங்க மாட்டேன் என்கின்றன. அதனால் இந்தக் கடிதத்தை மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

"நல்ல காதல் கதையா சொல்லு, ஆனா நம்மள மாதிரி மனுஷங்க வரணும்" என்று கேட்டிருந்தாய். அந்த வரியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். காலேஜ் நாள்களில் தெருமுனை வாடகை நூலகத்திலிருந்து மாத நாவலும் மில்ஸ் அண்ட் பூன் ஆங்கிலக் காதல் நாவலும் மாற்றி மாற்றி எடுத்து வந்து, ஒரே ராத்திரியில் முடித்துக் காலையில் கைமாற்றிக்கொள்வோமே, அப்போது இப்படி ஒன்றைக் கேட்க வேண்டும் என்றே நமக்குத் தோன்றியதில்லை. நாம் படித்த கதைகளில் நாயகி பெரும்பாலும் சிவப்பாக, ஒல்லியாக, ஒரு தலைவலிகூட இல்லாதவளாக இருப்பாள். உன்னை நிறத்தைச் சொல்லி இரண்டாவது இடமும் தட்டிக்கழித்துப் போன அன்று ராத்திரி, நீ மடியில் வைத்துக்கொண்டிருந்ததும் அப்படி ஒரு புத்தகம்தான். அட்டையில் இருந்த பெண்ணின் முகம்கூட எனக்கு நினைவிருக்கிறது.

முடக்குவாதம் வந்த பிறகு ஒரு வருஷம் நான் காதல் கதைப் பக்கமே போகவில்லை. "வயசானா வலிக்கத்தான் செய்யும்" என்று ஒரு மருத்துவர் என் முகத்தைப் பார்க்காமலே சொல்லி அனுப்பினார். அந்த நாள்களில்தான் என் மகள் தன் கிண்டிலில் டாலியா ஹிபர்ட்டின் 'கெட் எ லைஃப், குளோயி பிரவுன்' என்ற நாவலைத் திறந்து கையில் கொடுத்தாள். 2019இல் வந்தது. ஹிபர்ட் இங்கிலாந்தின் கறுப்பினப் பெண். குளோயியும் கறுப்பினத்தவள், சதைப்பிடிப்பானவள், ஃபைப்ரோமயால்ஜியா என்ற தீராத உடல்வலி உள்ளவள். நோய் வந்ததும் நிச்சயித்தவனும் போய்விட்டான், சிநேகிதிகளும் விலகிவிட்டார்கள். ஒரு கார் மயிரிழையில் அவள்மேல் மோதாமல் போனதும், வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போடுகிறாள். மோட்டார் சைக்கிளில் போவது, கூடாரம் போட்டுத் தங்குவது என்று அதில் இருப்பதெல்லாம் சின்னச் சின்ன ஆசைகள்.

அவள் ஒரு பூனைக்காக மரத்தில் ஏறுவாள், வசு. ஏறுவது சில நிமிஷம், உடம்பு அதற்குப் படுகிற பாடு அப்புறம். அந்தக் கணக்கை எந்தக் காதல் கதையிலும் நான் அதற்கு முன் படித்ததில்லை. இன்று மார்க்கெட்டுக்குப் போனால் நாளை மாவாட்ட முடியாது என்று நான் தினமும் போடுகிற கணக்கு அது. அவளைக் காதலிக்கிற ரெட், அவள் இருக்கிற குடியிருப்பைப் பராமரிக்கிறவன், ஓவியன். முந்தைய உறவில் அவனும் அடிபட்டவன். அவளுடைய நோயைக் கண்டு பரிதாபப்படாமல் அதைக் கற்றுக்கொள்கிறான். எப்போது உட்கார வேண்டும், எப்போது பேச்சை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு மெல்லப் பிடிபடுகிறது. அவள் குணமாவதும் இல்லை. கடைசிப் பக்கத்திலும் வலி இருக்கிறது, அவனும் இருக்கிறான். நான் அழுதேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. கறுப்பினப் பெண்ணையோ ஆட்டிசம் உள்ளவரையோ அட்டையில் போடுவது சுலபம். அந்த நிறமும் அந்த உடம்பும் அந்த மனசும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மத்தியானத்தில் எப்படி இருக்கும், கூட இருக்கிறவர் அதை எப்படிப் பார்த்துப் பார்த்துப் பழகுகிறார் என்று எழுதியிருக்கிறார்களா என்றுதான் இப்போது தேடுகிறேன்.

அப்படித் தேடும்போது கிடைத்தவர் ஹெலன் ஹோவாங். வியட்நாம் வேர் உள்ள அமெரிக்கர். தனக்கே ஆட்டிசம் இருப்பது அவருக்கு வளர்ந்து பெரியவரான பிறகுதான் தெரிந்தது. அவருடைய 'தி பிரைட் டெஸ்ட்' நாவலை நீ உடனே படிக்கலாம். அமெரிக்காவிலிருந்து ஒரு அம்மா மகனுக்குப் பெண் தேடி ஹோ சி மின் நகரத்துக்கு வருகிறாள். பெண் பார்க்கிற இடம் எது தெரியுமா? ஒரு ஹோட்டலின் கழிவறை! வரிசையாக வந்த பெண்களை விட்டுவிட்டு, அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த எஸ்மியைத் தேர்ந்தெடுக்கிறாள். மகன் பெயர் காய், அவனுக்கு ஆட்டிசம். உயிருக்குயிரான ஒருவன் இறந்தபோது அழுகை வரவில்லை என்பதால் தனக்கு மனசே கல் என்று பத்து வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறான். மெல்லத் தொட்டால் அவனுக்குத் தாங்காது, அழுத்தித் தொட வேண்டும். அது தெரியாமல் எஸ்மி முதலில் எவ்வளவு தவித்துப்போகிறாள்! உன் தம்பி மகன் நினைவு வந்தது. கட்டிப்பிடிக்கப் போனால் விலகுகிறான் என்று அத்தைகள் எல்லாம் அவனைக் கோபித்துக்கொள்வார்களே.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இவர்கள் எல்லோரிடமும் படுக்கையறைக் காட்சிகள் வெளிப்படையாக இருக்கும். எனக்கு அது உறுத்தவில்லை. கேட்டுக் கேட்டுத் தொடுகிற ஆண்களை நம் வயதில் படிப்பதுகூட ஒரு நிம்மதியாகத்தான் இருக்கிறது.

உனக்கென்றே நான் எடுத்து வைத்திருப்பது பெவர்லி ஜென்கின்ஸ். 1994இலிருந்து 19ஆம் நூற்றாண்டுக் கறுப்பின அமெரிக்கர்களின் காதலை எழுதிவருகிறார். 'இண்டிகோ' 1996இல் வந்தது. ஹெஸ்டர் அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்றவள். சிறு வயதில் அவுரிச் சாயத்தில் வேலை செய்ததால் அவள் கைகளும் பாதங்களும் கருநீலம். எத்தனை கழுவினாலும் போகாது. இப்போது மிச்சிகனில் தன் வீட்டில், தப்பி ஓடிவருகிற அடிமைகளை ஒளித்துக் காப்பாற்றுகிறாள். ஒருநாள் அடிபட்டுக் கிடக்கும் ஒருவனை அங்கே கொண்டுவருகிறார்கள். அவனும் அடிமைகளை வழிநடத்திக் கூட்டிவருகிறவன், பெரிய பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. அவன் அவளுடைய கைகளைப் பார்க்கிற பார்வையை நான் சொல்ல மாட்டேன். நீயே படி. ஜென்கின்ஸ் தன் சரித்திர நாவல்களின் பின்னால், தான் படித்த வரலாற்று நூல்களையும் கொடுப்பார். இந்த மனிதர்கள் உண்மையிலேயே இருந்தார்கள், காதலித்தார்கள் என்று அவர் நிரூபிக்க வேண்டியிருக்கிறது பார். அதை நினைத்தால் எனக்கு மனசு கனத்துப்போகிறது.

கோபமும் வருகிறது. அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்களின் சங்கத்தை 1980இல் தொடங்கியவர்களில் முக்கியமானவர் விவியன் ஸ்டீஃபன்ஸ் என்ற கறுப்பினப் பதிப்பாசிரியர். அந்தச் சங்கம் 1982இலிருந்து விருது கொடுத்தது. ஆனால் கறுப்பின எழுத்தாளர்கள் கைக்கு அது முதன்முதலாகப் போனது 2019இல், கென்னடி ரயனுக்கும் எம். மலோனுக்கும். 37 வருஷம்!

அந்த ரயனின் 'பிஃபோர் ஐ லெட் கோ' விவாகரத்தில் தொடங்குகிற காதல் கதை. அட்லாண்டாவில் சேர்ந்து உணவகம் நடத்துகிற தம்பதி, குழந்தை இறந்து பிறந்த துக்கத்தில் பிரிந்தவர்கள். பிரிந்த பிறகும் தினமும் ஒரே உணவகத்தில் முகம் பார்க்க வேண்டும். மனநல ஆலோசகரிடம் போகவே மாட்டேன் என்கிற கணவன் கடைசியில் அங்கே போய் உட்கார்ந்து வாய் திறக்கிற பகுதியை நான் மிகவும் நிதானமாகப் படித்தேன். நம் வீட்டு ஆண்களில் ஒருவராவது அப்படி உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

பெண்ணும் பெண்ணும் காதலிக்கிற கதை எதுவும் படித்ததில்லை என்று எழுதியிருந்தாய். அதற்கு ஒலிவியா வெயிட்டின் 'தி லேடிஸ் கைட் டு செலஸ்டியல் மெக்கானிக்ஸ்'. 1816, லண்டன். ஒருத்தி வானியல் தெரிந்தவள், இன்னொருத்தி கணவனை இழந்தவள், எம்ப்ராய்டரியில் கைதேர்ந்தவள். ஊசி வேலையும் ஒரு கலைதான் என்று அந்த விதவைக்கு யாரோ ஒருவர் முதன்முதலாகச் சொல்கிற இடம் வரும்போது, உன் தலையணை உறைகளை நினைத்துக்கொள்.

ஹோவாங்கின் 'தி ஹார்ட் பிரின்சிபல்' பற்றியும் சொல்ல வேண்டும். அவர் எழுதியதில் ஆழமானது அதுதான் என்பேன். ஆனால் வசு, அதை இப்போது தொடாதே. பக்கவாதத்தில் விழுந்த அப்பாவை மாதக்கணக்கில் பார்த்துக்கொள்கிற மகளின் கதை அது. முடியவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. உள்ளுக்குள் உடைந்துபோய், அதையும் கடமை என்று நினைத்துக்கொண்டு நிற்பாள். நீ உன் அப்பாவோடு இருந்த அந்த இரண்டு வருஷத்தில், போனில் "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று ஒரே குரலில் சொல்லுவாயே, அந்தக் குரலை நான் அந்தப் புத்தகத்தில் கேட்டேன். அப்போதே பஸ் ஏறி உன்னிடம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

'இண்டிகோ'வும் 'பிரைட் டெஸ்ட்'டும் நாளை கூரியரில் வரும். அட்டை கொஞ்சம் மடங்கியிருக்கும், மகள் பையில் திணித்ததால். அந்த இன்னொரு புத்தகம் என் அலமாரியிலேயே இருக்கட்டும். தை மாதம் நான் அங்கே வரும்போது கொண்டுவருகிறேன். ஒரு வாரம் தங்குகிறேன், சேர்ந்தே படிக்கலாம்.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுத் தோழி