தோப்பூர் எய்ம்ஸ்: நிழலுக்கு எங்கே இடம்?

மதுரையை அடுத்த தோப்பூரில் வரும் எய்ம்ஸ் மருத்துவமனையின் நிர்வாகத்துக்கும், வளாக வரைபடத்தைக் கையில் வைத்திருக்கும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

கட்டடம் எப்போது முடியும் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. அதைக் கேட்க ஊரே இருக்கிறது. நான் கேட்க வந்தது மரத்தைப் பற்றி.

அடிக்கல் நாட்டியது 27 ஜனவரி 2019. கட்டுமானம் தொடங்க 2024 ஆகிவிட்டது. ஜப்பான் கடன் ஒப்பந்தம் முதல் தாமதத்துக்கு நூறு காரணம் சொல்வார்கள், சரி. ஆனால் வேப்பங்கன்று நடுவதற்குக் கடன் ஒப்பந்தம் எதற்கு? அடிக்கல் நாட்டிய வாரம் ஒரு கன்று வைத்துத் தண்ணீர் ஊற்றியிருந்தால், இன்று அதன் கீழே ஒரு குடும்பம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடலாம்.

என் அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது வேறொரு பெரிய மருத்துவமனையில் பதினோரு நாள் கிடந்தேன். வாசலில் அழகான புல்வெளி. உட்கார்ந்தால் செக்யூரிட்டி விசில் அடிப்பார். கடைசியில் நாங்கள் ஒதுங்கியது ஜெனரேட்டர் அறைச் சுவரின் நிழலில்தான். மதியம் ஒரு மணிக்கு அந்த நிழலும் சுருங்கிவிடும். ஆளுக்கு ஒரு கால் வெயிலில் இருக்கும். நோயாளிக்குக் கட்டில் உண்டு. கூட வந்தவருக்கு என்ன உண்டு?

ஜன்னல் வழியே மரம் தெரிந்த அறைகளில் இருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடக் கொஞ்சம் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள் என்று 1984-இல் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதினார். ஒரே மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் வார்டு ஜன்னலுக்கு எதிரே ஏசி எந்திரங்களை அடுக்குவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்க அது போதும்.

பெரிய கட்டுமானங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும்போது 80 சதுர மீட்டர் நிலத்துக்கு ஒரு மரம் என்று நிபந்தனை போடுவது வழக்கம். தோப்பூர் நிலம் 200 ஏக்கருக்கு மேல். கணக்குப் போட்டால் 10,000 மரம் தாண்டும். எண்ணிக்கையைக் காட்டிவிடுவீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பயம் எல்லாம் அவை எங்கே நிற்கும் என்பதில்தான். சுற்றுச்சுவர் ஓரமாக வரிசையாக நட்டுக் கணக்கை முடித்துவிட்டு, பஸ்ஸை விட்டு இறங்கி ஓ.பி.க்கு நடக்கும் வழி முழுக்கப் பேவர் பிளாக் பதித்தால் என்ன பயன்? விருதுநகரிலிருந்தும் தேனியிலிருந்தும் விடியற்காலை பஸ் ஏறி வருகிறவர்கள் அந்த வழியில்தான் நடப்பார்கள். முதல் கன்று அங்கே வேண்டும். அடிமரத்தைச் சுற்றிச் சிமென்ட் பூசாமல் மண்ணை விட்டுவையுங்கள்.

என்ன மரம் என்றால், புங்கை, வேம்பு, இலுப்பை, பூவரசு போதும். மதுரையின் பெயரே மருத மரத்திலிருந்து வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. நீர் தேங்கும் தாழ்வான பக்கத்தில் நாலு மருதமும் வையுங்கள். சீக்கிரம் வளரும் என்று கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தின் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். அதன் மகரந்தம் மூச்சுத் தொல்லை தரும் என்று குஜராத் 2023-லேயே தடை செய்தது, தமிழ்நாடும் 2025-இல் தடை செய்துவிட்டது. தண்ணீருக்கு, வளாகத்திலேயே சுத்திகரிக்கும் கழிவுநீர் இருக்கிறது. அதைப் புல்லுக்குப் பாய்ச்சாமல் கன்றுக்கு விடுங்கள்.

அப்புறம், மரத்தடியில் திண்ணை. சாய்ந்து உட்கார வேண்டும், வயதானவர் படுத்தாலும் யாரும் விசில் அடிக்கக் கூடாது.

நடை வழி எது என்பது வரைபடத்தில் முடிவாகியிருக்கும். லாரி போகாத பகுதியில் வரும் ஐப்பசி மழைக்கு முன்பே குழி வெட்டத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
நோயாளியோடு கூட வரப்போகும் ஒருவன்