பள்ளத்தை மூடினோம், மனுவையும் மூடிவிட்டார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு கைவிட்ட வேலையை மக்களே எடுத்துச் செய்யலாமா என்று கேட்டால், செய்யத்தான் வேண்டும் என்பேன். ஆனால், செய்து முடித்த பிறகும் அது யாருடைய கடமை என்பதை விட்டுக்கொடுக்கக் கூடாது. இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். எங்கள் தெருப் பள்ளத்தைப் பற்றி மூன்று முறை மனுக் கொடுத்தும் யாரும் எட்டிப் பார்க்காததால், அக்கம்பக்கத்தார் சேர்ந்து செங்கல் உடைசலைச் சட்டி சட்டியாகச் சுமந்து கொட்டி, கை கொப்பளிக்கத் திமிசு போட்டு இறுக்கினோம். சில நாள்களில் ‘குறை நிவர்த்தி செய்யப்பட்டது’ என்று பதில் வந்தது. அடுத்த மழையில் உடைசல் அரித்துப் போனபோது, முதலிலிருந்து மனு எழுத வேண்டியதாயிற்று.

பீகாரின் கெலௌர் குன்றை 1960 முதல் 1982 வரை சுத்தியலும் உளியுமாகத் தனியொருவராக வெட்டி வழி உண்டாக்கிய தசரத் மாஞ்சியை நினைத்தால் நெஞ்சு நெகிழ்கிறது. எனினும், அவரைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்வது எனக்கு உறுத்துகிறது. ஒரு மனிதரின் 22 ஆண்டுகளை ஒரு வழிக்காக விழுங்கவிட்டது நிர்வாகத்தின் குற்றம் அல்லவா?

கராச்சியின் ஒரங்கிக் குடியிருப்பில் 1980இல் சமூகப் பணியாளர் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய பணியில் இதற்கு நல்ல வழி தெரிகிறது. வீட்டுக் கழிப்பறையும் தெருவுக்கான கழிவுநீர்க் குழாயும் மக்கள் பொறுப்பு, அவை சென்று சேரும் பெருங்கால்வாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்று அங்கே எல்லை வகுத்தார்கள். தெருவாரியாகப் பணம் திரட்டி, தாங்களே மேற்பார்த்து, ஒப்பந்தக்காரர் இல்லாமல் குழாய் பதித்ததால் செலவும் வெகுவாகக் குறைந்தது. தம் பங்கை முடித்தவர்கள் அரசின் பங்கைக் கேட்கும்போது அந்தக் குரலுக்குத் தனி வலு உண்டு.

தண்டிக்கும் அதிகாரத்தை மட்டும் எந்த நிலையிலும் மக்கள் கையில் எடுக்கக் கூடாது. தவறாக மூடிய பள்ளத்தை மறுபடி தோண்டலாம். கூட்டம் அடித்துக் கொன்றவர் குற்றமற்றவர் என்று பின்னால் தெரிந்தால் எதைத் தோண்டுவது?

இம்முறை பள்ளத்தை மீண்டும் மூடிய கையோடு, படமும் செலவுக் கணக்கும் இணைத்து, ‘இது எங்கள் தற்காலிக ஏற்பாடு, நிரந்தரப் பணி தங்களிடம் நிலுவையில் உள்ளது’ என்று எழுதி, அனைவரும் கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்