கணக்குப் பாடம் 1494-இல் தொடங்க வேண்டாம்: வணிகவியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். கணக்குப்பதிவியல் வரலாறு என்றால் 1494, லூக்கா பேசியோலி, இரட்டைப் பதிவு என்றே ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். ஒவ்வொரு நடவடிக்கையையும் பற்று, வரவு என இரு முறை பதியும் அந்த முறையை அந்த ஆண்டு அச்சில் விளக்கிய இத்தாலியத் துறவி அவர். அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தில் பெனடிக்டைன் சபைக் கிறிஸ்தவத் துறவிகளின் மடங்களில் பண்ணைக் கணக்கு எவ்வளவு கறாராக நடந்தது என்று சொல்ல நம் பாடத்தில் ஒரு வரி கூட இல்லை.

மடங்கள் நிலத்தில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு விடாமல் தாமே பயிரிட்டன. அதைப் பார்த்துக்கொண்டவர் 'ரீவ்'. நம் ஊர் மணியக்காரரைப் போன்றவர், ஆனால் பெரும்பாலும் அந்த மண்ணோடு கட்டுண்ட குடியானவர்களில் ஒருவர். பலருக்கு எழுத்து தெரியாது. பணமோ தானியமோ கைமாறினால் குச்சியில் வெட்டுக்குறி போட்டு, நெடுக்காகப் பிளந்து, ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்கள். செப்டம்பர் 29, மிக்கேல் அதிதூதர் திருநாளோடு கணக்கு ஆண்டு முடியும். எழுத்தர் அதையெல்லாம் தோல்சுருளில் லத்தீனில் எழுதுவார். முன்பக்கம் பணம், பின்பக்கம் தானியமும் கால்நடையும்.

அந்தப் பின்பக்கத்தைத்தான் மாணவர்கள் பார்க்க வேண்டும். விளைந்த கோதுமையில் விதைக்கு எவ்வளவு, வேலையாட்களின் கூலிக்கு எவ்வளவு, மடத்துக் களஞ்சியத்துக்கு எவ்வளவு? ஆடுகளில் ஈன்ற குட்டி, விற்றது, நோயில் செத்தது? ரீவ் தன் பொறுப்பில் வந்ததையெல்லாம் முதலில் ஒப்புக்கொள்வார். பிறகு ஒவ்வொன்றும் எங்கே போனது என்று காட்டி விடுபடுவார். காட்ட முடியாதது அவர் கடன். வின்செஸ்டரில் புனித ஸ்விதன் மடத்துத் தணிக்கையாளர்கள் விளைச்சலுக்கும் குட்டிகளுக்கும் அளவு நிர்ணயித்து, குறைந்ததை ரீவின் தலையிலேயே ஏற்றினார்கள். அவர் கைக்காசு போனதை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது.

இந்தக் கணக்கு லாபம் சொல்லாது. களஞ்சியத்துக்குப் போன தானியத்துக்கு யாரும் பணம் தரவில்லையே! ஆனாலும் நார்விச் மடத்தார் 13-ஆம் நூற்றாண்டிலேயே பண்ணையின் ஆதாயத்தைத் தனியே கணக்கிட்டார்கள். டரம் மடத்தில் விருந்தினர் இல்லத்தைக் கவனித்த துறவியின் எல்வெட்ஹால் பண்ணைக்கு 1443 முதல் 1514 வரையிலான கணக்குகள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலான நிலக்கிழார்கள் பண்ணைகளைக் குத்தகைக்கு விட்டுவிட்ட காலம் அது.

பேசியோலியை நீக்கச் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் ஒரு பாடவேளை கொடுங்கள், தேர்வில் ஒரு கேள்வி வையுங்கள். பயிற்சிக்கு ஒரு பக்க ஆட்டுக் கணக்கு தயாரித்து வைத்திருக்கிறேன். அதில் செத்த ஆடுகளின் தோல் வரவில் வராமல் விட்டுப்போயிருக்கும். மாணவர்களே அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வணிகவியல் ஆசிரியர் ஒருவர்