அவர்கள் கல் பொறுக்கப் போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில், பெரம்பலூர் மாவட்டம் காரையில் எடுத்த ஒரு படத்தின் கீழே 'கல் பொறுக்கி விடுமுறையை உற்சாகமாகக் கழித்த புவியியல் மாணவியர்' என்று அச்சிட்டிருந்தீர்கள். முதலில், அவர்கள் பாறைகளைப் படிக்கும் நிலவியல் மாணவியர். புவியியல் வேறு துறை. இருபத்தாறு ஆண்டுகள் நிலவியல் கற்பித்த எனக்கு மற்ற சொற்களால்தான் மனம் ஆறவில்லை.

காரையில் ஒதுங்க நிழல் இல்லை என்பது தாங்கள் அறிந்ததே. இருந்தும் மே மாதத்தில் போவது, தேர்வு முடிந்திருக்கும், ஓடைகள் வற்றிப் பாறை அடுக்குகள் தெளிவாகத் தெரியும் என்பதால்தான். மாணவி கிளைனோமீட்டரைப் பாறைமேல் வைத்துச் சாய்வை அளக்கிறாள், வரைபடத்தில் குறிக்கிறாள், அடுத்த அடுக்குக்கு நடக்கிறாள். அடுக்குகள் கிழக்கே சாய்ந்திருப்பதால், அரியலூர்ப் பக்கம் நடக்க நடக்கப் பாறையின் வயது குறைந்துகொண்டே வரும். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்ததை வகுப்பறையில் நானும் சொல்லியிருக்கிறேன். ஓடைக்கரையில் நின்றபோதுதான் பிள்ளைகள் நம்பினார்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்று குறிக்காமல் எடுத்தால், அந்தக் கடலில் வாழ்ந்த உயிரின் புதைபடிவமான அம்மோனைட்டும் வெறும் கல்தான். குறித்து எடுப்பவளைப் பொறுக்குகிறாள் என்று எழுதலாமா?

நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்த, கல்லாக மாறிய மரமான சாத்தனூர்க் கல்மரத்தைப் பற்றிப் பெருமையாக எழுதும் தங்கள் இதழ், நிலவியல் படிப்பை மட்டும் ஏன் விளையாட்டாகப் பார்க்கிறது?

1983இல் நான் முதுகலை மாணவி. வகுப்பில் பெண்கள் மூவர். பத்து நாள் களப்பணி முகாமிலிருந்து எங்களை இரண்டாம் நாளே திருப்பி அனுப்பினார்கள். 'பெண்பிள்ளைகளுக்கு ஆய்வகம் போதும்' என்றார் பொறுப்பாசிரியர். உடன்படித்த ஆண்களின் குறிப்பேட்டைப் பார்த்து வரைபடத்தை முடித்தேன். அதற்கு நல்ல மதிப்பெண்ணும் தந்தார்கள். நான் நடக்காத நிலத்துக்குக் கிடைத்த அந்த மதிப்பெண் இன்றும் உறுத்துகிறது.

பின்னாளில் நானே மாணவிகளை அழைத்துச் செல்ல அனுமதி கேட்டபோது, கல்லூரி அலுவலகம் அதைச் 'சுற்றுலா' என்று எழுதியது. சுற்றுலா என்றால் செலவு மாணவிகளுடையது. ஒருத்தி தாயின் தோட்டை அடகு வைத்துவிட்டு வந்தாள். 'உற்சாகமாகக் கழித்த' என்று படித்ததும் அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

கழிவறை இல்லாததால் பகல் முழுவதும் தண்ணீரே குடிக்காமல் நடந்து, ஓடைக்குள் மயங்கி விழுந்த மாணவியையும் நான் தூக்கியிருக்கிறேன். அருகில் பள்ளி இருந்தது. கோடை விடுமுறைக்காகப் பூட்டியிருந்தது.

களப்பணிக்கு வரும் மாணவிகளுக்காக அந்தப் பகுதியில் ஒரு பள்ளியின் கழிவறையையாவது மே மாதத்தில் திறந்துவைக்கும்படி மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டு, தங்கள் இதழில் ஒரு பெட்டிச் செய்தி வெளியிடுங்கள். 'புவியியல்' என்பதற்குத் திருத்தமும் வெளியிட்டால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிலவியல் பேராசிரியை,
திருச்சி.