சாவி கொடுக்கிற கைகளுக்கு ஒரு மடல்

செங்கோட்டை, தென்காசி வட்டாரத்து லாரி உரிமையாளர்களுக்கும் புக்கிங் ஆபீஸ்காரர்களுக்கும்,

வணக்கம். இது ஆர்.டி.ஓ.வுக்கோ கேரள போலீசுக்கோ எழுதும் மடல் இல்லை. அவர்களுக்கு நாம் கொடுத்த மனுக்களே ஒரு லோடு தேறும். குடித்த டிரைவர் கையில் சாவி கொடுப்பது பற்றி நமக்குள் பேச வேண்டியது இது. நான் இரண்டு வண்டி வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் கேரளாவுக்குப் போகிற புளியரை மலை ரோட்டில் ஏறி இறங்கின டிரைவர்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். நாலு வருஷத்துக்கு முந்தி, ஓணத்துக்கு முந்தின வாரம். பாவூர்சத்திரத்தில் ஏற்றின தக்காளி, விடியுமுன் புனலூர் போய்ச் சேர வேண்டும். ராத்திரி இரண்டரை மணிக்கு டிரைவர் சாவி கேட்டு வந்தார். வாயில் ஏலக்காய். ஏலக்காயும் சரக்கும் கலந்து வருகிற அந்த வாடை நம்மில் யாருக்குத் தெரியாது? "எப்பய்யா குடிச்ச?" என்றேன். "பத்து மணிக்கு அண்ணாச்சி. ஒரே ஒரு குவாட்டர். இப்ப எல்லாம் இறங்கிட்டு" என்றார். மார்க்கெட்டில் இருந்து போன் மேல் போன். சாவியைக் கொடுத்தேன்.

புளியரை மலையின் எஸ் வளைவில் வண்டி தடுப்புச் சுவரை உரசி, முன் சக்கரம் ஒன்று பள்ளத்துக்கு மேலே தொங்க நின்றது. எதிரே வந்த பால் வண்டிக்காரர் சுதாரித்து ஒதுங்கியதால் உயிர்ச்சேதம் இல்லை. கிரேன் வருகிற வரைக்கும் தக்காளி சிவப்புச் சேறாக ரோட்டில் ஓடியது. ஊரெல்லாம் "டிரைவர் குடிச்சிருந்தானாம்" என்று பேசினார்கள். சாவியைக் கொடுத்தது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஆனால் சட்டம் கேட்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு நம் எல்லோருக்கும் மனப்பாடம்: 100 மில்லி ரத்தத்தில் சாராயம் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். 2019 செப்டம்பரில் இருந்து முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 15,000 ரூபாய், இரண்டு வருஷம் வரை. நாம் படிக்காமல் விட்டது மூணு பிரிவு தள்ளி இருக்கிற 188. குடித்துவிட்டு ஓட்டுவதற்குத் துணை போகிறவருக்கும் அதே தண்டனை என்கிறது அது. தெரிந்தே சாவி கொடுத்த என்னை அதில் சேர்த்திருக்கலாம். சேர்க்காதது என் அதிர்ஷ்டம்.

இன்சூரன்ஸ் இருக்கிறது என்று சிலர் தைரியமாக இருக்கிறீர்கள். டில்லியில் ஒரு போர்ஷே கார் விபத்து வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்று உங்கள் வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இல்லாவிட்டாலும், குடிபோதையில் ஓட்டினார் என்று மற்ற சாட்சியங்களை வைத்துக் காட்டி, வண்டிச் சேதத்துக்கான பணத்தை கம்பெனி மறுக்கலாம். எதிராளிக்குக் கொடுக்கிற நஷ்ட ஈட்டையும் முதலில் கம்பெனி கட்டிவிட்டு, பிறகு வண்டிக்காரரிடம் வசூல் செய்துகொள்ளச் சொன்ன தீர்ப்புகள் உண்டு. பத்துச் சக்கர வண்டியின் விலையை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

சரி, அந்த ஒரு குவாட்டர் கணக்குக்கு வருகிறேன். இது தெரியாததால்தான் அன்றைக்கு ஏமாந்தேன். குவாட்டர் 180 மில்லி. நம் ஊர் பிராந்தி, விஸ்கியில் 42.8 சதவீதம் சாராயம். அறுபத்தைந்து கிலோ ஆள் ஒருவர் முழுசையும் குடித்தால் ரத்தத்தில் தோராயமாக 130, 140 மில்லிகிராம் வரை ஏறும். உடம்பு அதை மணிக்கு 15 மில்லிகிராம் வீதம்தான் கழிக்கும். பத்து மணிக்கு டாஸ்மாக் மூடும்போது குடித்து முடித்தவர், இரண்டரை மணிக்கு இன்னும் 60க்கு மேல் இருப்பார். 30க்குக் கீழே இறங்க விடிந்து ஐந்து, ஆறு மணி ஆகிவிடும். ஆளுக்கு ஆள், சாப்பாட்டுக்குச் சாப்பாடு கொஞ்சம் மாறலாம். ஆனால் மோர், எலுமிச்சை, கட்டன் சாயா, தலையில் நாலு வாளி தண்ணீர் எதுவும் இந்தக் கணக்கை வேகப்படுத்தாது. தூங்கி எழுந்தாலும் அதே வேகம்தான். என் டிரைவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு இறங்கிவிட்ட மாதிரிதான் இருந்திருக்கும்.

அதனால்தான் செக்போஸ்ட் சோதனையை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பது வீண் என்கிறேன். எல்லையில் இருக்கிற கோட்டைவாசல் தாண்டி, கேரளத்து ஆரியங்காவில் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தி ஊதச் சொல்வதற்குள், வண்டி எஸ் வளைவு முழுக்க ஏறி முடித்திருக்கும். ஊத வேண்டிய இடம் நம் ஷெட்.

குடித்திருக்கிறாரா என்று ஊதிப் பார்க்கிற மிஷின் ஒன்றை நான் வாங்கி வைத்து எட்டு மாதம் ஆகிறது. டிரிப் ஷீட்டில் டீசல், டயர் பார்க்கிற கட்டங்களுக்குப் பக்கத்தில் 'ஊதியது' என்று ஒரு கட்டம். ஆரம்பத்தில் டிரைவர்கள் முறைத்தார்கள். "எங்கள நம்பலையா அண்ணாச்சி?" என்றார் பெரியவர். "மொதல்ல நான் ஊதுறேன்" என்று ஊதிக் காட்டின பிறகுதான் முகம் கொஞ்சம் இளகியது. இப்போது கிளீனர் பையன்வரை விளையாட்டாக ஊதிப் பார்க்கிறான்.

மிஷின் வாங்கப் போகிறவர்களுக்கு: மலிவான பொம்மை வேண்டாம், அது செண்டு வாடைக்குக்கூடச் சத்தம் போடும். ஃபியூயல் செல் என்கிற சென்சார் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், கம்பெனி சொல்கிற கெடுவுக்குள் அளவு சரிபார்க்க அனுப்புங்கள். ஊதுகிற குழாய் ஆளுக்கு ஒன்று, புதுசு.

இன்னொன்று, பலாப்பழக் கதை. கேரள அரசு பஸ் டிப்போக்களில் டியூட்டி எடுக்குமுன் ஊதிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று 2024இல் கறாராக்கினார்கள். 2025 ஜூலையில் பந்தளம் டிப்போவில் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத டிரைவர் ஊத, மிஷின் கத்தியது. காலையில் நன்றாகப் பழுத்த பலாச்சுளை தின்றிருக்கிறார்! பழம் தின்ற மற்றவர்களுக்கும் அப்படியே காட்டியிருக்கிறது. நம் டீக்கடைகளில் இதைச் சொல்லி ஒரு வாரம் சிரித்தோம். சிரிப்பது இருக்கட்டும், அந்த டிரைவரின் இடத்தில் நின்று பாருங்கள். வாயில் இருக்கிற சாராயம் வேறு, ரத்தத்தில் இருக்கிற சாராயம் வேறு. பழமோ, மவுத்வாஷோ, இருமல் டானிக்கோ வாயில் விட்டுப் போவது பதினைந்து நிமிஷத்தில் பெரும்பாலும் போய்விடும். அதனால் மிஷின் கத்தினால் ஆளைத் திட்டாமல், வாய் கொப்பளிக்கச் சொல்லி, பதினைந்து நிமிஷம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொல்லுங்கள். ஊதுமுன் வெறும் காற்றில் மிஷின் சைபர் காட்டுகிறதா என்றும் பாருங்கள். போலீஸ்காரர்களே அதைச் செய்தாக வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2025இல் சொல்லியிருக்கிறது. நமக்கு மட்டும் விலக்கா?

மாத்திரை, கஞ்சா விஷயத்தில் நம் மிஷின் உதவாது, அது சாராயத்தை மட்டும்தான் பிடிக்கும். சிறுநீரில் போதைப்பொருள் இருக்கிறதா என்று காட்டுகிற பரிசோதனைப் பட்டை வாங்கி வைக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். நான் வேண்டாம் என்கிறேன். கஞ்சா சிறுநீரில் நாள் கணக்கில் நிற்கும், தினமும் இழுக்கிறவருக்கு வாரக் கணக்கில். போன ஞாயிறு இழுத்ததா, இப்போது போதையில் இருக்கிறாரா என்று பட்டை சொல்லாது. டாக்டர் எழுதிக் கொடுத்த கோடீன் கலந்த இருமல் மருந்தும் அதில் மாட்டலாம். விமானிகளுக்கு 2022இல் இருந்து திடீர் போதைப்பொருள் சோதனை இருக்கிறது, ஆனால் லேப் உறுதி செய்யாமல் யாரையும் குற்றவாளி ஆக்குவதில்லை. லேப் இல்லாத நாம் டாக்டர் வேஷம் போட வேண்டாம். கண் சொருகினால், பேச்சு குழறினால் அன்றைக்குச் சாவி இல்லை. அவ்வளவு போதும். சளிக்குப் போடுகிற சிட்ரிசின் மாத்திரையே தூக்கம் தரும். "என்ன மாத்திரை போட்ட?" என்று கேட்கிற வழக்கமாவது வேண்டும்.

இதெல்லாம் பத்து வண்டி வைத்திருக்கிறவருக்குச் சரி, ஒற்றை வண்டியை வைத்துக்கொண்டு தானே ஓட்டுகிறவர் யாரிடம் ஊதுவார்? இதற்கு அமெரிக்காவில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். என் அக்கா மகன் சென்னையில் இருந்துகொண்டு ராத்திரி ஷிப்டில் அந்த ஊர் லாரிகளுக்கு லோடு பார்க்கிற வேலை செய்கிறான். அவன் சொல்லித்தான் தெரியும். அங்கே ஒற்றை வண்டிக்காரர் பலர் சேர்ந்த ஒரு கூட்டில் பெயர் கொடுத்தாக வேண்டும். கூட்டை நடத்துகிறவர்கள் குலுக்கல் மாதிரி பெயர் எடுப்பார்கள், யார் பெயர் வந்தாலும் உடனே போக வேண்டும். வருஷத்துக்கு டிரைவர் எண்ணிக்கையில் பாதி அளவு போதைப்பொருளுக்கும், பத்தில் ஒரு பங்கு குடிக்கும் சோதனை. மாட்டினவர் அன்றோடு வண்டியை விட்டு இறங்குவார். ஆனால் கதை அத்தோடு முடிவதில்லை. அதற்கென்று உள்ள ஆலோசகரைப் பார்த்து, அவர் சொன்ன சிகிச்சையை முடித்து, சோதனையில் தேறினால் திரும்ப ஏறலாம். முதல் பன்னிரண்டு மாதத்தில் குறைந்தது ஆறு தடவை சொல்லாமல் கொள்ளாமல் சோதிப்பார்கள்.

இந்தத் திரும்பி வருகிற வழிதான் என்னை யோசிக்க வைத்தது. நம்மிடம் மாட்டினவரை இரண்டு அறை அறைந்து அனுப்புவோம், அல்லது "போனா போட்டும், நல்ல டிரைவர்" என்று விட்டுவிடுவோம். அனுப்பப்பட்டவர் மறுநாளே பக்கத்து ஷெட்டில் சாவி வாங்குவார்.

நாம் ஒரு இருபது பேர் சேர்ந்தால் புளியரைக்கு இந்தப் பக்கம் ஒரு இடத்தில் மிஷினும் நோட்டும் வைக்கலாம். ஊதிக் காட்டாத வண்டிக்கு புக்கிங் ஆபீசில் லோடு சீட்டு இல்லை. முதல் தடவை 30க்கு மேல் என்றால் அன்றைய நடை (டிரிப்) மட்டும் கைவிட்டுப் போகும், வேலை போகாது. நோட்டு பூட்டில் இருக்கும், டீக்கடைப் பேச்சுக்கு வராது. இரண்டாம் தடவை என்றால் அரசு ஆஸ்பத்திரிக்கு நாமே கூட்டிப் போவோம்.

இன்னொரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறோம். எம்.சாண்ட் வண்டிகள் ராத்திரி முழுக்க ஓடுகின்றன. மோட்டார் தொழிலாளருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வேலை, ஐந்து மணி நேரத்துக்கு ஒருதரம் ஓய்வு என்று 1961இலேயே சட்டம் போட்டார்கள். நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்? இருபது மணி நேரம் ஸ்டியரிங்கில் இருந்தவர் உடம்பு வலிக்குக் குடிக்கிறார், தூக்கம் கலையப் புகையிலை அடக்குகிறார். அவரை ஊதச் சொல்கிற நாம், அவருடைய டிரிப் ஷீட்டில் தூங்கின நேரத்துக்கும் ஒரு கட்டம் போடுவோம். மூன்றாவது நடைக்குக் கூடுதல் பேட்டா ஆசை காட்டுவதை நிறுத்துவோம். என் ஷெட்டில் நிறுத்திவிட்டேன். மாதத்துக்கு நாலைந்து நடை குறைந்தது உண்மை.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு என் ஷெட்டில் மிஷின் வெளியே இருக்கும். டீ உண்டு. உங்கள் டிரைவர்களைக் கூட்டி வாருங்கள், முதலாளிகளும் ஊத வேண்டும். முதலில் நான்தான் ஊதுவேன். சனிக்கிழமை ராத்திரி எனக்கு ஒரு கல்யாண வீடு இருக்கிறது, அதனால் நம்பர் என்ன காட்டும் என்று இப்போதே சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
இரண்டு வண்டிக்காரன்,
செங்கோட்டை