பிளந்த நுனி மீண்டும் ஒட்டாது: சுருள்முடிக்குத் தனிக் குறிப்புகள் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த முடி வெடிப்பு பற்றிய குறிப்புகளை ஆர்வத்தோடு படிக்கத் தொடங்கி வருத்தத்தோடு முடித்தேன். தினமும் ஷாம்பு போட்டு அலச வேண்டும், இரவில் படுக்குமுன் நெருக்கமான பற்கள் உள்ள சீப்பால் வேரிலிருந்து நுனிவரை நூறு முறை வார வேண்டும், நுனி வெடித்திருந்தால் சீரம் தடவிச் சரிசெய்துவிடலாம் என்று அவை கூறின. நேராக, வழவழவென்று விழும் கூந்தல் உள்ளவர்களுக்கு இவற்றால் பெரிய கேடு வராமல் போகலாம். ஆனால், கம்பிச்சுருளைப் போல வேரிலிருந்தே சுருண்டு வளரும் முடி உள்ளவர்கள் இவற்றை அப்படியே பின்பற்றினால், எதைத் தடுக்க நினைக்கிறார்களோ அதையே தம் கையால் வரவழைத்துக்கொள்வார்கள். அப்படி வரவழைத்துக்கொண்டவர்களுள் நானும் ஒருத்தி என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சீரத்தில் இருந்து தொடங்குகிறேன். தோலில் வெட்டுக்காயம் பட்டால் சில நாட்களில் அது தானாகவே ஆறிவிடுகிறது. தோலுக்கு உயிர் உண்டு. மயிர்க்காலை விட்டு வெளியே வந்த முடியோ, கெரட்டின் என்னும் புரதத்தாலான உயிரற்ற இழை. தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ள அதனால் இயலாது. கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதுபோல முடியின் மேற்புறத்தில் நுண்ணிய செதில்கள் அடுக்கடுக்காகப் படிந்து, உள்ளிருக்கும் நார்களைக் காக்கின்றன. உரசலாலும் சூட்டாலும் ரசாயனத்தாலும் அந்தச் செதில்கள் நுனியில் உதிர்ந்துபோனால் உள்நார்கள் பிரிந்துவிடுகின்றன, அதுவே வெடிப்பு. சீரத்தில் உள்ள சிலிக்கோன் போன்ற பொருள்கள் பிரிந்த கிளைகளை ஒட்டினாற்போல் காட்டும். தலையை அலசி அந்தப் பூச்சு கழன்றதும் பிளவு பழையபடி வாய் திறக்கும். சீரம் தடவுவதில் தவறில்லை, அதனால் உரசல் குறையவும் செய்யும். குணமாகிவிட்டது என்று நம்பிக் கத்தரியைத் தள்ளிப்போடுவதுதான் தவறு. பிளவு நுனியோடு நின்றுவிடாது, மெல்ல மெல்ல மேலேறும்.

சுருள்முடிக்கு இந்த ஆபத்து ஏன் கூடுதல் என்பதற்கு அதன் அமைப்பே காரணம். நேரான முடியின் குறுக்குவெட்டு ஏறத்தாழ வட்டமாக இருக்கும். இறுகச் சுருண்ட முடியின் குறுக்குவெட்டு தட்டையான நீள்வட்டமாக இருக்கும், அது புறப்படும் மயிர்க்காலும் வளைந்தே இருக்கும். முடி திரும்பும் ஒவ்வொரு வளைவும் இழுவிசைக்கு எளிதில் விட்டுக்கொடுக்கும் இடம். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசை நேரான முடியில் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறது. சுருள்முடியிலோ ஒவ்வொரு சுருளையும் சுற்றிச் சுற்றி இறங்க வேண்டியிருப்பதால் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. வேரில் பிசுக்கும் நுனியில் வறட்சியும் ஒரே தலையில் இருப்பது இதனால்தான். மேலும், முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்கிறது. இழுத்துப் பிடித்து அளந்தால் 36 சென்டிமீட்டர் வரும் ஒரு சுருளின் நுனிக்கு வயது மூன்று. மூன்று ஆண்டுகளின் சீப்பும் ஷாம்பும் வெயிலும் தலையணையும் அந்த நுனியின்மேல் பட்டிருக்கின்றன. வேரருகே நேற்று முளைத்த முடி தாங்குவதை அது தாங்காது.

எனக்கு இதையெல்லாம் இளவயதில் யாரும் சொல்லவில்லை. என் முடியைப் 'பரட்டை' என்று சொல்லாதவர்கள்தான் குறைவு. பரட்டை என்பது வாராமல் விட்ட தலையைக் குறிக்கும் சொல். என் தலையோ தினமும் இரண்டு வேளை, கண்ணில் நீர் வருமளவுக்கு வாரப்பட்ட தலை. உலர்ந்த முடியில் சீப்பு இறங்கும்போது சிறு சிறு நொறுங்கல் ஓசை கேட்கும். சிக்கு விடுபடும் ஓசை அது என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். ஒருநாள் சீப்பில் வந்த முடிகளை ஒரு வெள்ளைத் தாளில் பரப்பி ஜன்னலோர வெளிச்சத்தில் பார்த்தேன். இயல்பாக உதிர்ந்த முடி முழு நீளத்தோடு, ஒரு முனையில் ஊசிமுனை அளவு வெண்குமிழோடு இருக்கும். அப்படி இருந்தவை நான்கைந்துதான். மற்றவை எல்லாம் விரற்கணு நீளமே உள்ள, குமிழில்லாத துண்டுகள். சிலவற்றின் நுனி கவட்டைக் குச்சிபோல இரண்டாகப் பிரிந்திருந்தது, சிலவற்றில் முடி தன்னைத் தானே முடிச்சிட்டுக்கொண்டிருந்தது. நான் கேட்டது முடி முறியும் ஓசை. என் முடி வளரவே மாட்டேன் என்கிறது என்று நான் புலம்பிய ஆண்டுகளில் எல்லாம் அது வளர்ந்துகொண்டுதான் இருந்தது. வளர்ந்த அளவுக்கு நுனியில் ஒடிந்துகொண்டும் இருந்தது.

எனவே, சுருள்முடி உள்ளவர்களுக்கு நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது சிக்கெடுக்கும் முறையைப் பற்றித்தான். உலர்ந்த நிலையில் சீப்பைத் தொடவே வேண்டாம். முடியை நனைத்து, கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, தலையை நான்கு பாகமாகவாவது பிரித்து, ஒரு பாகத்தை முடித்த பின்பே அடுத்ததற்குப் போக வேண்டும். பெரிய சிக்குகளை முதலில் விரல்களாலேயே பிரித்துவிட்டு, பிறகு அகலமான பற்கள் உள்ள சீப்பால் நுனியில் ஓர் அங்குலம், அது வழிவிட்டதும் அதற்கு மேல் ஓர் அங்குலம் என்று கீழிருந்து மேல்நோக்கி ஏற வேண்டும். சிக்குக்கு மேலே முடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டால் இழுப்பு வேருக்குப் போகாது. ஈரமான முடி வலுக்குறைந்தது, அதை வாரக் கூடாது என்ற அறிவுரையும் பரவலாக இருக்கிறது. நேரான முடிக்கு அது பொருந்தும். இறுகிய சுருளுக்கோ உலர்ந்த நிலையில் வாருவதால் வரும் சேதமே பெரிது. நீரும் கண்டிஷனரும் தரும் வழுக்கல்தான் அதற்குப் பாதுகாப்பு.

தினமும் ஷாம்பு என்பதும் அப்படித்தான். ஏற்கெனவே எண்ணெய்ப்பசை எட்டாத நுனியில் இருக்கும் கொஞ்சநஞ்சப் பசையையும் அது கழுவிக் கொண்டுபோய்விடும். இத்தகைய முடியை வாரத்துக்கு ஒருமுறையோ இரு வாரங்களுக்கு ஒருமுறையோ அலசினால் போதும் என்பதே தோல் மருத்துவர்கள் பொதுவாகக் கூறும் அளவு. ஷாம்பு தலைத்தோலுக்கு உரியது, கண்டிஷனர் நுனிக்கு உரியது என்று நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சேதமடைந்த முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் மிகுந்திருக்கும். கண்டிஷனரில் உள்ள நேர்மின்னூட்டப் பொருள்கள் அந்த இடத்தையே தேடிப் படிகின்றன. எண்ணெயைப் பொறுத்தவரை, எண்ணெய் ஈரம் தராது, இருக்கும் ஈரத்தைக் காக்கும். ஆகவே வறண்ட முடியின்மேல் எண்ணெயை மட்டும் தடவுவதைவிட, சற்றே ஈரமுள்ள முடியில் தடவுவது பயன் தரும். தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவும் தன்மையுடையது, அலசுவதற்கு முன் தடவினால் முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்பது ஆய்வில் தெளிவானது. கனிம எண்ணெய்க்கு அந்தத் தன்மை கிடையாது.

சூட்டையும் ரசாயனத்தையும் பற்றி என்னால் பட்டும் படாமலும் எழுத முடியவில்லை. இருபதுகளில் ஓர் அழகு நிலையத்தில் என் முடியை ரசாயனம் கொண்டு நேராக்கிக்கொண்டேன். முடிக்கு உருவம் தரும் கந்தகப் பிணைப்புகளை வன்மையான காரத்தால் உடைத்தே அந்த நேர்த்தி கிடைக்கிறது என்றோ, உடைந்த பிணைப்புகள் பழையபடி திரும்பாது என்றோ அங்கு எவரும் எனக்குச் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் வேரிலிருந்து என் இயல்பான சுருள் முளைத்து வந்தது. புதிய சுருளும் பழைய நேர்முடியும் சந்திக்கும் கோட்டில்தான் முடி மிகவும் பலவீனமாக இருக்கும். அங்கேயே கொத்துக் கொத்தாக ஒடிந்தது. இறுதியில் நேராக்கிய பகுதி முழுவதையும் வெட்டிவிட்டுக் கட்டை முடியோடு தொடங்கினேன். ஸ்ட்ரெய்ட்னர் கருவியைத் தவிர்க்க இயலாதவர்கள் முடி முழுவதும் உலர்ந்த பிறகு, வெப்பத்தை 180 டிகிரி செல்சியஸுக்குள் வைத்து, ஒரு பாகத்தில் ஒரே முறை ஓட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஈரமுடியில் அதை வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, முடிக்குள் நுண்ணிய குமிழ்களை உண்டாக்கிவிடும். அந்த இடத்தில் முடி எளிதாக ஒடிந்துவிடும்.

வெட்டுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. வெட்டினால் முடி வேகமாக வளரும் என்பது உண்மையன்று. வளர்ச்சி மயிர்க்காலில் நடக்கிறது, நுனியில் நடப்பது வேருக்குத் தெரியாது. ஆனால் மூன்று நான்கு மாதங்களில் வளரும் மூன்று நான்கு சென்டிமீட்டரில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் எஞ்சியவை தங்கும். பிளவுக்குச் சற்று மேலே, முடி முழுமையாக உள்ள இடத்தில், முடிவெட்டுவதற்கென்றே வைத்திருக்கும் கூர்மையான கத்தரியால் வெட்ட வேண்டும். காகிதம் வெட்டி மழுங்கிய கத்தரி முடியை நசுக்கி, வெட்டிய இடத்திலேயே அடுத்த வெடிப்பைத் தொடங்கிவைக்கும். இவை தவிர, பருத்தி உறைக்குப் பதிலாக வழுவழுப்பான சாட்டின் உறை, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பது, வெறும் ரப்பர் பேண்ட் போடாமல் இருப்பது ஆகியவை சிறிய மாற்றங்கள்தாம் என்றாலும் பலன் தெரியும். பின்னல் தளர்வாக இருக்கட்டும். நெற்றியோரம் வலிக்கும்படி ஆண்டுக்கணக்கில் இழுத்துக் கட்டினால் அங்கே முடி நிரந்தரமாகவே போய்விடக்கூடும். இத்தனை கவனத்துக்குப் பிறகும் முடி வேருக்கருகிலேயே ஒடிந்தால், தோல் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

இனிவரும் குறிப்புகளில் எந்த வகை முடிக்கு எந்த அறிவுரை என்று பிரித்து வெளியிட வேண்டும், அவற்றை மகளிர் பக்கத்தோடு நிறுத்திவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். சுருள்முடி ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் உண்டு. அந்த நூறு முறை வாரும் குறிப்புக்கு மட்டும் ஒரு திருத்தத்தை அடுத்த இதழிலேயே வெளியிட்டால் நன்றியுடையவளாக இருப்பேன். என்னைப் போலவே சுருண்ட முடி கொண்ட என் பன்னிரண்டு வயது மகள் அதைப் படித்துவிட்டு, நான் எப்போதோ ஒதுக்கிவைத்த நெருக்கப்பல் சீப்பைத் தேடி எடுத்து, கண்ணாடி முன் நின்று முப்பத்தேழு வரை எண்ணியிருந்தாள். அவள் தோளில் சிதறியிருந்த துண்டு முடிகளைத் தட்டிவிட்ட பிறகே இதை எழுத உட்கார்ந்தேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி